வைஃபைக்கு வேப்பெண்ணெய்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்குத் தன் பாஸ்வேர்டு மறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. ஆகவே இந்தக் கதையில் அது வராது.

அந்தக் காட்டில் எல்லா மிருகங்களும் தங்கள் கணினியை ஓட்ட லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத்தான் பயன்படுத்தின. அது சுதந்திரமானது, திறந்தது, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கொம்புள்ளவை, வாலுள்ளவை, இரண்டும் இல்லாதவை எல்லாம் அதன் முன் சமம். ஏதாவது கோளாறு வந்தால் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வோம் என்று பாறையில் எழுதியே வைத்திருந்தார்கள். எழுதியதை இதுவரை யாரும் அழிக்கவில்லை. அந்த அளவுக்குச் சரிதான்.

காட்டின் தாழ்வான பக்கத்தில், ஓடையை ஒட்டிய வளையில் வெயினி என்றொரு இளம் கீரி இருந்தாள். காட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. வாதம் என்றால் அவளுக்கு முட்டை சாப்பிடுகிற மாதிரி. பாம்போடு சண்டை போடும்போதுகூட, "நீ என்னைக் கொத்தலாம்னு எந்த அடிப்படையில நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுத்தான் பாய்வாள். பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பல பாம்புகள் உயிரை விட்டிருக்கின்றன.

வீட்டில் அம்மா செவந்தி, வெயினிக்குக் கீழே நான்கு குட்டிகள். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வளைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். போன ஐப்பசியில் கடைக்குட்டி மிதந்தே போய்விட்டது. நல்ல வேளை, ஒரு நாணல் புதரில் சிக்கித் தும்மியது, கண்டுபிடித்தார்கள். இந்த வருடம்தான் காட்டு அலுவலகம் கண் திறந்து மேட்டு வளைகளை ஒதுக்குகிறேன் என்று அறிவித்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். அதுவும் ஏற்கெனவே பதிவு செய்த சொந்த லேப்டாப்பிலிருந்து மட்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

புதன்கிழமை காலை வெயினி லேப்டாப்பைத் திறந்தாள். "தங்கள் கணினியைப் புதுப்பிக்கட்டுமா?" என்று அது கேட்டது. பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. "சரி" என்று அமுக்கினாள். புதுப்பித்தது. வைஃபை போய்விட்டது. திரை மூலையில் இருக்கும் அதன் சின்னம்கூட இல்லை.

"என்னடி முழிக்கிற?" என்றாள் அம்மா.

"வைஃபை போச்சும்மா."

"எங்க போச்சு?"

"தெரியலையே."

"தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேளு. மரியாதையா கேளு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா எல்லாரும் உதவி பண்ணுவாங்க."

வெயினி வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா பேச்சைக் கேட்டாள். அநியாயம் அங்கேதான் ஆரம்பித்தது.

காட்டின் நடுவே யானைப் பாறை. அதுதான் லினக்ஸ் பயனர் உதவி மன்றம். கேள்வி உள்ளவர்கள் பாறையில் நகத்தால் கீறி எழுத வேண்டும். பதில் தெரிந்தவர்கள் கீழே கீறுவார்கள். அடைக்கலசாமி என்ற ஆமை அதற்கு மட்டுறுத்துநர். யார் என்ன எழுதினாலும் அது ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை.

"ஐயா, அண்ணன்மாரே, வணக்கம். அவசரம். வைஃபை வேலை செய்யவில்லை. தயவுசெய்து உதவவும்" என்று வெயினி கீறினாள்.

ஆமை அரை மணி நேரம் நடந்து வந்து அதைப் படித்தது. "பாப்பா, தலைப்பு விதிப்படி இல்லையே."

"எந்த விதிங்க ஐயா?"

"பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கு."

சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். நாற்பத்தொரு விதிகள். பன்னிரண்டாவது, வணக்கம் சொல்லக் கூடாது என்றது. இருபத்தேழாவது, அவசரம் என்ற சொல்லைப் பயன்படுத்துவோர் கடைசியாகக் கவனிக்கப்படுவர் என்றது. திரும்பி வந்து எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினாள்.

மரக்கிளையில் உலகநாதன் என்ற ஆந்தை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பகலில் அதற்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் காட்டிலேயே பெரிய நிபுணர்.

"மேனுவலைப் படிச்சியா?" என்றது.

"எந்தப் பக்கம்ணா?"

"எல்லாப் பக்கமும்."

பக்கத்துக் கிளையில் பன்னீர் என்ற பச்சோந்தி. லினக்ஸில் டிஸ்ட்ரோ என்று நூறு வகை உண்டு. சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொள்ளலாம். பன்னீர் வேளைக்கு ஒன்று மாற்றும்.

"தங்கச்சி, என்ன டிஸ்ட்ரோ ஓட்டுற?"

சொன்னாள்.

"ஐயே! அதையா? தூக்கிக் கடாசு. நான் இன்னைக்குக் காலையிலேர்ந்து புதுசா ஒண்ணு ஓட்டுறேன். சும்மா பறக்குது."

"அதுல வைஃபை வருதாண்ணே?"

"இன்னும் வரலை. ஆனா பறக்குது."

"முதல்ல லாக்கை எடுத்துட்டு வரச் சொல்லு" என்றது ஆந்தை. லாக் என்றால், கணினி தனக்கு என்னென்ன ஆனது என்று தானே எழுதி வைத்துக்கொள்ளும் புலம்பல். வெயினி ஓடிப்போய் எடுத்து வந்தாள். அந்தக் கோப்பை எந்த எடிட்டர் மென்பொருளில் திறப்பது என்பதில் ஆந்தைக்கும் பச்சோந்திக்கும் சண்டை வந்தது. இரண்டு மணி நேரம். பச்சோந்தி கோபத்தில் ஏழு நிறம் மாறியது. கோப்பை யாரும் திறக்கவில்லை.

கடைசியில் ஆமை வந்து அவள் கேள்வியின் மேல் ஒரு பெரிய கோடு இழுத்தது. "இதே கேள்வியை ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டுட்டாரு. இதைப் பூட்டுறேன், இனி யாரும் இதுக்குப் பதில் எழுதக் கூடாது."

"சரிங்க ஐயா, அவருக்கு என்ன பதில் சொன்னீங்க?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

வெயினி பாசியைத் துடைத்துத் துடைத்து அந்தப் பழைய கேள்வியைக் கண்டுபிடித்தாள். 'மாசிலாமணி, முதலை, தெற்கு மடு. புதுப்பித்த பிறகு வைஃபை சின்னம் காணோம்.' அச்சு அசலாக அவள் பிரச்சினை! அதன் கீழே, லாக் எடுத்து வா, இன்னொரு லாக் எடுத்து வா, முந்தைய லாக் பத்தாது என்று அறுபத்து மூன்று வரிகள். எல்லாவற்றுக்கும் கீழே முதலையின் கையெழுத்தில் ஒரே வரி: 'தீர்ந்தது. நன்றி.'

எப்படித் தீர்ந்தது? ஒரு வார்த்தை? ஒரு எழுத்து? கிடையாது. வெயினி பல்லைக் கடித்த சத்தத்தில், கீழே ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசை இரண்டாகப் பிரிந்து போனது.

வியாழக்கிழமை விடிந்ததும் தெற்கு மடுவுக்குக் கிளம்பினாள். அரைநாள் நடை. மாசிலாமணி கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தாடைக்கு அடியில் லேப்டாப்பைத் தலையணையாக வைத்திருந்தது.

"அண்ணாச்சி, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி மன்றத்துல தீர்ந்ததுன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"எப்படித் தீர்ந்தது?"

முதலை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "எங்கே தீர்ந்துச்சும்மா?"

"பின்ன ஏன் அப்படி எழுதினீங்க?"

"அவனுங்க விடலையே! பதினாலு தடவை லாக்கைத் தூக்கிக்கிட்டு அந்தப் பாறையில ஏறினேன். என் காலைப் பாரு, இது பாறை ஏறுற காலா? தீர்ந்ததுன்னு எழுதிட்டு இறங்கி வந்துட்டேன்."

"அப்போ ஒன்பது வருஷமா நெட்டே இல்லாமலா இருக்கீங்க?"

"நிம்மதியா இருக்கேன்" என்றது முதலை. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒரு வேடிக்கை கேளு. நான் கேள்வி கேட்ட வரைக்கும் ஒருத்தனும் என் மூஞ்சியைப் பார்க்கலை. தீர்ந்ததுன்னு எழுதினதும்தான் அத்தனை பேரும் எழுந்து ஓடி வந்தானுங்க. எப்படித் தீர்ந்துச்சு, நீ பண்ணினது தப்பா இருக்குமே, காட்டு காட்டுன்னு. நான் தண்ணிக்குள்ள போன பிறகும் கரையில நின்னு கத்தினானுங்க."

வெயினியின் மூக்கு துடித்தது. அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணி. வானம் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. வெயினி யானைப் பாறையில் ஏறினாள். விதி, தலைப்பு, ஐயா, அண்ணன்மாரே எதுவும் இல்லை. இருக்கிற இடத்திலேயே பெரிய இடமாகப் பார்த்து, கொட்டை எழுத்தில் கீறினாள்:

'வைஃபை பிரச்சினை தீர்ந்தது. தீர்வு: லேப்டாப் மூடியில் வேப்பெண்ணெய் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைக்கவும்.'

காடே பாறைப் பக்கம் தலையைத் திருப்பியது.

ஆந்தை உலகநாதன், பிறந்ததிலிருந்து முதல் முறையாக, பட்டப்பகலில் இரண்டு கண்ணையும் திறந்தது. பச்சோந்தி எந்த நிறம் என்று முடிவு செய்ய முடியாமல் கட்டம் போட்டுக்கொண்டது. ஆமையின் கழுத்து ஓட்டிலிருந்து நீண்டது, இன்னும் நீண்டது. அவ்வளவு கழுத்து அதற்கு இருந்தது அதன் மனைவிக்கே தெரியாது.

"எவ அவ?" என்று ஆந்தை கத்தியது.

"நான்தாண்ணா. எனக்கு வேலை செஞ்சுதே!"

நிபுணர்கள் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை அது. ஆந்தை கிளையிலிருந்து விழுந்தே இறங்கியது. "கொண்டா அந்த லேப்டாப்பை! எங்க வேலை செய்யுது? சின்னத்தையே காணோமே!"

"இன்னும் எண்ணெய் சரியா ஊறலைண்ணா."

"ஊறலையா? ஊறலையா!" ஆந்தை லேப்டாப்பை அணைத்தது, மறுபடி போட்டது, கீழ் அம்புக்குறி விசையை மூன்று தடவை தட்டியது. "இங்க பாரு. புதுப்பிச்சப்போ புதுக் கர்னல் ஏறியிருக்கு. அதாவது சிஸ்டத்தோட அடி உசுரு மாறியிருக்கு. உன் வைஃபையை இயக்குற டிரைவர் மென்பொருள் அதுக்கு இன்னும் தயாராகலை. ஆன் பண்றப்போ பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது. இதுல வேப்பெண்ணெய் எங்க வருது? சொல்லு, எங்க வருது?"

திரை மூலையில் வைஃபை சின்னம் வந்து உட்கார்ந்தது. ஆன நேரம் ஒன்றரை நிமிடம். இரண்டு நாள் மரியாதைக்குக் கிடைக்காதது ஒரு வரிப் பொய்க்குக் கிடைத்துவிட்டது!

வெயினி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விண்ணப்பத்தைத் திறந்தாள். பெயர். இனம். வாலின் நீளம். சென்ற மழையில் நனைந்த குட்டிகளின் எண்ணிக்கை. மிதந்த குட்டிகளின் எண்ணிக்கை. நான்கே முக்காலுக்கெல்லாம் எல்லாக் கட்டங்களும் நிறைந்துவிட்டன. 'சமர்ப்பிக்கவும்' என்ற பச்சைப் பொத்தான் மட்டும் பாக்கி. நகத்தைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து, பின்னால் கூடியிருந்த முயல்களிடம் பச்சோந்தி பன்னீர் சொன்னது: "வேப்பெண்ணெய்தான்னு கட்டாயம் இல்லப்பா. நல்லெண்ணெய் போட்டாலும் வைஃபை வரும்."

வெயினியின் நகம் அந்தரத்தில் நின்றது.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். வருகிற வழியில், ஒரு வேப்பமரத்தைப் பார்த்தபோது தோன்றிய பொய். ஆனாலும் அது அவளுடைய பொய்.

"அண்ணே," என்றாள் திரும்பாமலே, "நான் எழுதினது வேப்பெண்ணெய்."

"எண்ணெய்னா எல்லாம் எண்ணெய்தானே தங்கச்சி."

வெயினி திரும்பினாள். "எப்படிண்ணே ஒண்ணாகும்? கசப்பு இல்லாத எண்ணெய் எப்படி உள்ளே இறங்கும்? ஒரு நிரூபணம் காட்டுங்க பார்ப்போம்!"

"கசப்புக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்போ நல்லெண்ணெய்க்கு மட்டும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டுக்குமே சம்பந்தம் இல்லை! கர்னல்! கர்னல்!" என்று ஆந்தை அலறியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமை, தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், 'எந்த எண்ணெய்?' என்று தானே புதிய கேள்வி ஒன்றைக் கீறித் தொடங்கிவைத்தது. முயல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன.

"இன்னும் பத்து நிமிடம் உள்ளது. தொடரலாமா?" என்று லேப்டாப் கேட்டது. வெயினி 'பிறகு' என்பதை அமுக்கினாள்.

மூச்சிரைக்க அம்மா செவந்தி வந்து சேர்ந்தாள். வாயில் ஒரு குட்டி, பின்னால் மூன்று. வாயிலிருந்ததை இறக்கி வைத்தாள். "ஏண்டி, அனுப்பிட்டியா? ஓடை இப்பவே பொங்குதுடி!"

"ஒரு நிமிஷம்மா. இவரு நல்லெண்ணெய்ங்கிறாரு."

"எதுக்கு?"

"லேப்டாப்ல தடவ."

செவந்தி பச்சோந்தியை மேலும் கீழும் பார்த்தாள். "எவன்டா அவன்? நல்லெண்ணெயாம்! விளக்கெண்ணெய்தான் தடவணும். அப்பதான் சூடு இறங்கும்."

"அம்மா! நீயுமா?"

"நாலு வார்த்தை படிச்சுட்டா எண்ணெயைப் பத்தி எனக்கே சொல்லித்தருவியா நீ?"

மூன்றாவது கட்சி உதயமானது. அதில் முள்ளம்பன்றிகள் சேர்ந்தன. ஆந்தை கொஞ்ச நேரம் இறக்கையால் தலையில் அடித்துக்கொண்டது. பிறகு தாங்க முடியாமல், "சரி, அப்படியே தடவுறதுன்னாலும் செக்குல ஆட்டின எண்ணெயா இருக்கணும்!" என்று களத்தில் குதித்தது.

வெயினி வாதாடினாள். அப்படி ஒரு வாதத்தைக் காடு கேட்டதில்லை. வேப்பங்கொட்டையில் தொடங்கி, வெயிலின் கோணத்தைத் தொட்டு, சுதந்திரம் என்றால் என்ன என்பது வரை போனாள். முயல்கள் கைதட்டின. முள்ளம்பன்றிகள் கட்சி மாறின. முதல் மழைத்துளி பாறையில் விழுந்தபோது பச்சோந்தி பன்னீர் வெள்ளை நிறமாகிக் கையைத் தூக்கியது.

"போதும் தாயே. ஒத்துக்கிறேன். வேப்பெண்ணெய்தான்."

கைதட்டலில் பாறை அதிர்ந்தது. வெயினி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லேப்டாப் பக்கம் திரும்பினாள். பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாகியிருந்தது. மணி ஐந்தாகி மூன்று நிமிடம். 'விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

மழை பிடித்துக்கொண்டது.

"இப்ப எங்கடி போறது?" என்றாள் அம்மா, குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு.

வெயினி திரையைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள். மூடியைப் பட்டென்று சாத்தினாள்.

"அது கிடக்கட்டும். நீ விளக்கெண்ணெயை விட்டுக்கொடுக்கிறியா, இல்லையா?"

"செத்தாலும் மாட்டேன்டி."

ஆளுக்கு இரண்டு குட்டியாகக் கவ்விக்கொண்டு இருவரும் மழையில் நடந்தார்கள். வாய் நிறையக் குட்டி இருந்ததால் வழியெல்லாம் அமைதி. பாறைச் சரிவில் ஓர் ஒதுக்குப்புறம் பார்த்துக் குட்டிகளை இறக்கி வைத்ததும், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

நீதி: உதவி வேண்டுமென்றால் பொய் சொல்லுங்கள், உடனே கிடைக்கும். ஆனால் நீங்கள் சொன்ன பொய்யை யாராவது தப்பாகத் திருப்பிச் சொன்னால், வீடே போனாலும் விட்டுவிடாதீர்கள். உண்மைக்கு வக்காலத்து வாங்க ஊரே இருக்கிறது. உங்கள் பொய்க்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?