ஏலக்காயோடு உலர்ந்த மிருதங்கம்

போடிநாயக்கனூர்,
15-12-1956

மதுரையின் வருங்கால மிருதங்கச் சிங்கம், என் மைத்துனன் சிரஞ்சீவி சீனிச்சாமிக்கு அத்தான் பால்பாண்டி ஆசீர்வதித்து எழுதியது. இங்கே உன் அக்கா சுருளியம்மாள், சினைப்பசு, நான் ஆகிய மூவரும், வீட்டு மரியாதையில் இதே வரிசைப்படி, சுகம். உன் சுகத்தை இதைப் படிக்குமுன்பே எழுதிப் போட்டுவிடு. படித்தபின் எப்படி இருக்குமோ.

மாப்ளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வீடு மாற்றும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று அக்காவிடம் நீ விட்டுப்போன மிருதங்கத்தை, பச்சை ஏலக்காயோடு சேர்த்து ஸ்டோரில், அதுதான் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் சூட்டறையில், போட்டு உலர்த்திவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை பெரிய பாகவதர் ஒருவருக்கு முதன்முதலாக வாசிக்கப்போகிறேன், ரயிலில் அனுப்புங்கள் என்ற உன் கார்டு, இரண்டு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது.

எல்லாம் நல்ல வித்வானை நேரில் பார்த்ததால் வந்த வினை. சென்ற மாதம் குரங்கணி மேலே எஸ்டேட்டில் கச்சேரி. ஏலக்காய்த் தரகன் என்ற உரிமையில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு மிருதங்கம் தெரியும். பார்த்தால் இது மிருதங்கம் என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் அன்றுதான் கற்றேன். பாடகர் ஆலாபனை செய்த அரைமணி நேரமும் வித்வான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வாசிக்காமல் இருப்பதும் வாசிப்புதான் போல. பாடகர் குரலைத் தாழ்த்தினால் இவர் விரல் தகரக் கூரையில் விழும் தூறலாகிவிடும். ஓரிடத்தில் பாடகர் தாளம் தப்பினார். வித்வான் ஒரு தட்டுத் தட்டி அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, தப்பு தன்னுடையது போலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்ளே, விளையாட்டில்லை.

ஆனால் நான் பிரதானமாகப் பிடித்துக்கொண்ட பாடம் கச்சேரிக்கு முன்பு கிடைத்தது. வித்வான் கணப்புச் சட்டியருகே மிருதங்கத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சூடு வெளியே போகாமல் அதன்மேல் தன் சால்வையையும் போர்த்தியிருந்தார். ஆகா, பனியேறிய தோலுக்கு இதுவல்லவா ரகசியம்!

சென்ற சனிக்கிழமை அதே எஸ்டேட்டு மடத்தில் பஜனை. வாசிக்க ஆளில்லை என்றார்கள். நான் இருக்கிறேன் என்றேன். அக்கா ஆட்டுக்கல்லடியில் இருந்த நேரம் பார்த்து உன் மிருதங்கத்தோடு ஜீப்பில் ஏறிவிட்டேன். மலையில் பனி. தட்டினால் 'பொத்' என்றது, பூசணிக்காய் மாதிரி. சட்டிச் சூட்டுக்கே அந்த நாதம் என்றால் ஸ்டோர்ச் சூட்டுக்கு எப்படி இருக்கும்! ஸ்டோரைக் கவனிக்கிற ஜக்கையன் மறித்தான்.

"அண்ணே, இது தோலுண்ணே, காயில்ல."

"நீ காயைப் பாரு. நான் கலையைப் பாத்துக்கிறேன்."

ஏலக்காய்த் தட்டில் படுக்கவைத்து, சால்வைக்குப் பதில் மூன்று சாக்குப் போட்டு மூடினேன். காலையில் வைத்தது, சாப்பாடு, வெற்றிலை, ஊர்வம்பு எல்லாம் முடிந்து எடுக்கும்போது மணி மூன்று. வாரெல்லாம் முறுக்காக விறைத்திருந்தது.

பஜனையில் முதல் இரண்டு பாட்டுக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டேன். "அண்ணே, உறங்கிட்டீகளா?" என்றான் ஜக்கையன். மூன்றாம் பாட்டில் ஓங்கி ஒரு தட்டு. வலந்தலை நடுவே அப்பியிருந்த கறுப்புக் கரணை அப்படியே பொரிந்து பறந்தது. முன்னால் இருந்த முனியாயி, ஏதோ ஹோம ரட்சை என்று அந்தக் கரித்துண்டைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். நான் வித்வானைப் போலத் தலையைக் குனியவில்லை, பாடகரை முறைத்தேன். இதற்குள் மடம் முழுக்க ஏலக்காய் மணம். பஜனை முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன் கேட்டேவிட்டான்:

"பாயசம் எப்பண்ணே வரும்?"

வீட்டில் உன் அக்கா ஒரே வாக்கியம்தான் பேசினாள்: "எந்தம்பி கையால வாசிச்சத நீங்க அடுப்பால வாசிச்சிட்டீகளே!" அதன்பின் எனக்கும் பசுவுக்கும் ஒரே மாதிரிச் சாப்பாடு.

பயப்படாதே. திங்களன்றே ஜக்கையனிடம் கொடுத்து மதுரைக்கு அனுப்பி, மிருதங்கம் கட்டுபவரிடம் சேர்த்தாயிற்று. கட்டை பிழைத்தது, தோல் மட்டும் புதிது. வியாழக்கிழமை கட்டாயம் தந்துவிடுவாராம், போய் வாங்கிக்கொள். மணம் மட்டும் போகாது என்கிறார். பாகவதர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் நல்லது.

உன் கை ஓங்கட்டும், பாகவதர் மனம் குளிரட்டும், அத்தான்மீது உன் கோபம் புதுத்தோல் காய்வதற்குள் ஆறட்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
பார்த்தே படித்த
பால்பாண்டி

பி.கு.: ஒட்டப்போகும் நேரத்தில் ஜக்கையன் வந்தான். வித்வான் செய்ததைத்தானேடா நானும் செய்தேன் என்று அவனிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவன் சொல்கிறான்: "அவரு எங்கண்ணே காயவச்சாரு? கை வெறைக்குதுன்னாரு, நாந்தான் கணப்பு கொண்டாந்து வச்சேன். தரையெல்லாம் ஈரம்னு மிருதங்கத்த மடியில வச்சிருந்தாரு. சூடு பட்டுறக் கூடாதுன்னுல்ல சால்வையக் கழட்டி அதுக்குப் போத்தினாரு!"

இதை அன்றைக்கே சொல்லக்கூடாதா என்றேன்.

"நீங்கதான் காயைப் பாருன்னுட்டீகளே."