தகரடப்பாவின் வெளிச்சம்

எங்கள் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் வெளிச்சத்துக்குச் சொந்தக்காரர்கள் இரண்டே பேர். ஒன்று சூரியன், இன்னொன்று தகரடப்பா. சூரியனுக்கு எல்லோரும் ஒன்று. தகரடப்பாவுக்கு அப்படியில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய புதிது. தெருவுக்குத் தெரு நாடகம், கரண்ட் மட்டும் கிடையாது. ஊரார் தகரடப்பா என்று கூப்பிட்ட லைட்டுக்காரர்தான் மண்ணெண்ணெய் டின்னை ஒரு பக்கம் வெட்டி, உள்ளே காஸ் லைட்டை வைத்து, மேடைக்கு எதிரே மூங்கில் பரண்மேல் ஏறிக் குந்திக்கொள்வார். டின்னைத் திருப்பினால் வெளிச்சம் திரும்பும். முகத்துக்கு நேரே வைத்தால் நடிகனுக்குக் கண் கூசும், கீழே வைத்தால் மகாராணியும் பேயாகத் தெரிவாள். அதனால் உயரத்தில், கொஞ்சம் ஒதுங்கி. இதுவரை தொழில். இதற்குமேல் கிறுக்கு. ஒழுங்காக நடிக்காதவனுக்கு அவர் வெளிச்சம் கொடுக்கமாட்டார்.

ஒருமுறை, அழத் தெரியாத கதாநாயகியை அப்படியே இருட்டில் விட்டுவிட்டு, ஓரத்தில் கொட்டாவி விட்ட ஆர்மோனியக்காரர் மேல் திருப்பிவிட்டார். கேட்டதற்கு, "அவுரு கொட்டாவி நெசம்பா" என்றார்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை நாடகத்தில் பெரிய ஆள் என்று என் மாமா அளந்துவிட, பெண்ணின் அப்பா மண்ணாடிப்பட்டிலிருந்து நாடகம் பார்க்கவே கிளம்பி வந்துவிட்டார். எனக்கோ வாயிற்காவலன் வேஷம். வசனமும் இல்லை, நிற்பதும் இருட்டில். இந்தச் சம்பந்தம் தவறினால் எனக்கு வேறு பெண் கிடைக்காது என்பது வீட்டில் எல்லோருடைய கருத்து. சாயங்காலமே பரணடியில் போய் நின்றேன்.

"அண்ணே, எம்மேலயும் கொஞ்சம் காட்டுண்ணே. பொண்ணோட அப்பா வராரு."

"மேடையில நீ இன்னா பண்ணப் போற?"

"சும்மா நிக்கணும்."

"அப்ப ஒழுங்கா நில்லு. பாக்கலாம்."

ராஜாவாக வந்தவர் ஊர் மிராசுதாரரின் மச்சான். மூன்றாவது வரியிலேயே வசனம் நின்றுபோனது. வெளிச்சம் ராஜாவை விட்டு நகர்ந்தது. மந்திரியிடம் போனது, அவர் வாய்பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். நாட்டியக்காரியிடம் போனது, அவள் இடுப்பில் பீடி தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் என்மேல் வந்து நின்றது. நான் ஈட்டியும் கையுமாக, மூச்சுகூட விடாமல் நின்றிருந்தேன்.

"யோவ் தகரடப்பா, ராஜா மேல போடுய்யா" என்று மிராசுதாரர் கத்தினார்.

"வசனத்த சொல்லச் சொல்லு, வரேன்" என்று பரணிலிருந்து பதில் வந்தது.

ராஜாவுக்கு ரோஷம். வெளிச்சத்தைத் தேடி வந்து என்னைத் தோளால் இடித்தார். வந்ததே எனக்கு ஆத்திரம். ஈட்டியைக் குறுக்கே நீட்டி, "யாரு நீ? உத்தரவு இல்லாம உள்ள வுட முடியாது" என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மிராசுதாரர் அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை. பெண்ணின் அப்பா மட்டும் என் மாமாவிடம், "ராஜாவையே வுடலயே. எம் பொண்ண பத்தரமா பாத்துக்குவான்" என்றாராம்.

கல்யாணத்துக்கு விடியற்காலை முகூர்த்தம். வெளிச்சத்துக்குத் தகரடப்பாவையேதான் அழைத்தோம். மனிதர் முழு வெளிச்சத்தையும் மணப்பெண் மேல் போட்டுவிட்டார், பக்கத்தில் நான் இருட்டில்.

"அண்ணே, நாந்தான் மாப்ள."

"நீ இன்னும் இன்னா பண்ண? சும்மாதான குந்திகினு இருக்க?"

தாலியைக் கையில் எடுத்ததும் டின் திரும்பியது. மூன்று முடிச்சும் விழும்வரை என் கைமேல் அசையாமல் நின்றது. தகரடப்பாவின் வெளிச்சம் ஒருநாளும் யார் கண்ணையும் கூசவைத்ததில்லை. அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது அதனால் இல்லை.