நான் வெளியே அனுப்பிய அப்பா

ஒரு மாணவியின் அப்பாவை நான் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறேன். இதைக் கொஞ்ச நாள் பெருமையாகக்கூடச் சொல்லித் திரிந்தேன்.

அப்போது கோலார் தங்கவயலில் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கியதும், தினமும் காலை ஆறரைக்கு இணையத்தில் சிறப்பு வகுப்பு என்று நானாகவே அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) திரையில் எனக்குப் பின்னால் பெரிய நூலகம் தெரியும். நிஜத்தில் அங்கே இருந்தது துணி காயும் கொடி.

தேன்மொழி என்ற பெயர் முதல் ஆளாக உள்ளே வரும். முகமும் வராது, குரலும் வராது. போனை வைத்துவிட்டுத் தூங்குகிறாள் என்று முடிவு கட்டினேன். பள்ளியில் அவளையே கேட்டிருக்கலாம். கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசை விடவில்லை.

"தேன்மொழி, கேமராவைப் போடு! இல்லேன்னா பேரை எடுத்துடுவேன்" என்று ஒருநாள் கத்தினேன்.

திரையில் ஒரு மீசைக்காரர் வந்தார். ரயில் ஜன்னலோரம், மடியில் டிபன் பை, அதன்மேல் நோட்டு. சுற்றிலும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டம்.

"குட் மார்னிங் சார். நான் அவ அப்பா, மணி. வீட்ல இந்த ஒரு போன்தான் சார், செக்யூரிட்டி டூட்டிக்கு எடுத்துனு வந்துடறேன். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்ல ஏறனதுலேர்ந்து நீங்க சொல்றத எழுதினு போயி, சாயங்காலம் பாப்பாவுக்குக் குடுக்கறேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப பரீட்சையும் நீங்களே எழுதப் போறீங்களா?" என்றேன்.

இப்போது ரயில் பெட்டியே சிரித்தது. "இன்னா டென்த்து, சார் கேக்குறாரு பாரு!" என்று யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். மணி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அவரை வகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெயர் வரவில்லை. பள்ளியில் தேன்மொழியைக் கேட்டேன்.

"வண்டியில எல்லாரும் கிண்டல் பண்றாங்களாம் சார். அப்பா வேணாம்னுட்டாரு."

அவர் எழுதிய நோட்டை வாங்கிப் பார்த்தேன். படம்கூட அளவெடுத்து வரைந்திருந்தார். நடுநடுவே, "இங்க டவர் போச்சு. சாரைக் கேளு" என்று இருந்தது. அவள் ஒருதரம்கூட என்னைக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் நடந்துகொண்டதும் இல்லை.

வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றியிருந்தால் அப்பாவும் போனும் வீட்டில் இருந்திருப்பார்கள். அது எனக்குத் தோன்றியது பரீட்சை முடிந்த பிறகு. (இந்த மூளையோடுதான் அறிவியல் நடத்தினேன்.) நர்ஸ் ஆக ஆசைப்பட்ட பெண், அறிவியலில் தேறவில்லை. மறுபரீட்சை எழுதித் தேறி, கடைசியில் காமர்ஸ் சேர்ந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சமையலில் நான் மூக்கை நுழைத்தால், "பரீட்சை நீங்களா எழுதப் போறீங்க?" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போன மாதம் ஊரிகம் ஸ்டேஷனில் அதே ரயிலில் ஏறினேன். "டேய் டென்த்து, உன் வாத்தியாரு வர்றாரு!" என்று ஒரு குரல். அந்தப் பெயர் இன்னும் அவரை விடவில்லை.

மணி சட்டென்று எழுந்து நின்றார். "குட் மார்னிங் சார். உக்காருங்க."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பெங்களூர் வரை நின்றுகொண்டே வந்தார்.