குயினின் எட்டு முட்டைகள்

முட்டையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, இட்ட கோழியின் வயதைச் சொல்லக்கூடியவர் ராயபுரத்தில் ஒருவர்தான். ராயபுரம் என்ன, இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வான்கோழி மாமு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். எனக்கு மேலே, மொட்டை மாடியில் இருபது வான்கோழிகள் குடியிருந்தன. மரியாதை அவற்றுக்குத்தான் அதிகம்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சொல்லிச் செய்த இரண்டு வளையங்கள் மாமுவிடம் இருந்தன. சின்ன வளையத்தில் நுழைந்துவிடும் முட்டை அடை வைக்க ஆகாது. பெரிய வளையத்தில் நுழையாததும் ஆகாது.

“நைனா, எளங்கோழி மொத மொதல்ல வுடுறது கோலிகுண்டு. அப்பால நடுவாந்தரமா வரும், அதான் டாப்பு. வயசாவ ஆவ முட்டை பெருத்துக்கினே போவும், ஆனா பொரிக்காது. சைசப் பாத்து ஏமாந்துடாத!”

ஒரு ஞானஸ்நான விருந்தில் பிரியாணி முட்டையை உருட்டிப் பார்த்து, “கிழவி வுட்டது” என்று சத்தமாக அறிவித்தார். பந்தியில் பாதிப் பேர் முட்டையை ஒதுக்கிவிட்டார்கள்.

பொரிக்காத கோழி கிறிஸ்துமஸ் குழம்புக்குப் போய்விடும். அதுவும் மாமு போட்ட சட்டம்தான். மாட்டிக்கொண்டது குயின். அவர் முதன்முதலில் வாங்கிய கோழி, வயது ஐந்து. அவர் பேப்பர் படித்தால் மடியில் ஏறி உட்காரும். அதன் முட்டை எதுவும் பெரிய வளையத்தில் நுழையவில்லை.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா விடுவாரா?

“யோவ், மத்த கோழிக்கெல்லாம் சட்டம் பேசுறியே, குயினு மட்டும் இன்னா உன் மாமியாரா?”

மாமுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அது வுட்ட முட்டையே எட்டு அடை வெக்கிறேன். ஒண்ணு பொரிச்சாலும் அது இருக்கும். இல்லாட்டி குழம்புதான்!” சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் துறைமுகத்திலிருந்து எனக்கு வீடியோ கால். “குயின் மூஞ்சியக் கொஞ்சம் காட்டு நைனா.” காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூசி” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்ததும் குயினுக்கு அடியிலிருந்து மூன்று முட்டைகளை எடுத்துவிட்டு, ஒரு இளங்கோழி இட்ட நடுவாந்தர முட்டைகள் மூன்றை வைத்தேன். குயின் என் கையைக் கொத்திய தழும்பு இன்னும் இருக்கிறது.

இருபத்தெட்டாம் நாள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. அக்கம்பக்கமே மாடி ஏறி வந்தது. மாமு உடைந்த ஓடு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரியாணி முட்டையையே விடாத மனிதர் ஆயிற்றே! ஓட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஓட்டைப் பார்த்தார்.

பிறகு அதைக் கைக்குள்ளேயே நொறுக்கினார்.

“பாத்தியா ஸ்டெல்லா! வயசாவது கியசாவது! குயினு குயினுதான்!”

என் பக்கம் வந்து, ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “புடி நைனா” என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையில் குஞ்சு இருந்ததால் முடியவில்லை.