துத்தம் அண்ணாச்சியும் ஒரு நன்னாரி சர்பத்தும்

சங்கரன்கோவிலில் கல்லிலிருந்து தண்ணீர் எடுத்த ஒரே ஆள் துத்தம் அண்ணாச்சிதான். எங்கள் பைக் ஒர்க்‌ஷாப்பை ஒட்டின உரக்கடையில் அவருக்கு வேலை. எலுமிச்சை மரத்துக்கு மருந்தடிக்க மயில்துத்தம் வாங்க வருகிற விவசாயச் சம்சாரிகளைச் சும்மா அனுப்ப மாட்டார். வித்தை காட்டித்தான் அனுப்புவார்.

நீலக் கட்டியை நசுக்கி, கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டுவார். ஆவி கிளம்பும். நீலம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். "பாத்தியளா? தொட்டா நனையாது. ஆனா கல்லுக்குள்ள தண்ணி கெடக்கு. அது போச்சுன்னா நெறமும் போச்சு." ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். மறுபடியும் நீலம். கூட்டம் கைதட்டும். அந்தக் கரண்டியை என் வயிற்றில் வைத்திருந்தால் அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

எரியாதா பின்னே? எதிர் ஜெராக்ஸ் கடை செல்வியைச் சிரிக்க வைக்க ஒரு வருஷமாக ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் உதடு அசையவில்லை. இந்த ஆள் கரண்டியைத் தூக்கினால் மிஷினை ஓட விட்டுவிட்டு ஓடி வருவாள். இத்தனைக்கும் அவருக்குத் தலையில் முடி கிடையாது, வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அப்புறம் அந்த வெள்ளைப் பொடியைக் காகிதத்தில் கொட்டி, பொய்யைக் கண்டுபிடிக்கும் மருந்து என்று அறிவித்தார். பொய் சொன்னால் விரல் வேர்க்குமாம், பொடியில் வைத்தால் நீலமாகுமாம். நாக்கில் மட்டும் வைத்துவிடக் கூடாதாம், விஷம். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் யாருக்கு வேர்க்காது? ஒரே வாரத்தில் பஜாரில் அத்தனை பேரும் பொய்யர்கள் ஆகிப்போனார்கள்.

சர்பத் கடை வாசலில், செல்வி பார்க்க, அவர் மானத்தை வாங்கிவிடுவது என்று கிளம்பினேன்.

"அண்ணாச்சி, இது டுபாக்கூர். இந்த வெயிலுக்கு எருமைக்கும்தான் வேர்க்கும்."

"அப்படியா? வெரல வையி மக்கா. எம் மேல உனக்குப் பொறாம உண்டா?"

"உம்ம மேலயா? எனக்கா?"

பெருவிரல் பட்ட இடம் மயில் கழுத்தாகிவிட்டது. சிரித்ததில் செல்வியின் சத்தம்தான் பெரிசு.

அவர் அதோடு விடவில்லை. ஐஸைக் கூடுதலாகப் போடச் சொல்லி ஒரு நன்னாரி சர்பத் வாங்கி அவள் கையில் கொடுத்தார். பாதி குடித்ததும் காகிதத்தை நீட்டினார்.

"ஏட்டி, இந்தப் பயல உனக்குப் புடிக்குமா?"

"இவனையா? சுத்தமாப் புடிக்காது."

"வெரல வையி."

வைத்தாள். என்னுடையதைவிட நல்ல நீலம். அவள் சிரிப்பு நின்றுபோனது. முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இப்போது செல்வி என் வீட்டுக்காரி. சண்டை வந்தால் இன்றைக்கும் அதையே சொல்லுவாள்: "அன்னைக்கு என் கை நனைஞ்சது ஐஸ் கிளாஸாலதான், தெரியும்லா?"

தெரியும். ஐஸைக் கூடுதலாகப் போடச் சொன்னது யார் என்பதும் தெரியும்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், பொடி வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். கல்யாண போட்டோவில் துத்தம் அண்ணாச்சி எங்களுக்கு நடுவில் நின்று என்னவோ சொல்ல, செல்வி சிரிப்பது அவரைப் பார்த்துத்தான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அந்தப் போட்டோவைத்தான் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன்.