இரண்டு வலப்பக்கம் உள்ள கார்

என் மனைவி எதைச் சொன்னாலும் நான் மறுபேச்சு பேசுவதில்லை. இதை என் நல்ல குணம் என்று சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குணமாவது ஒன்றாவது! ஒரே ஒருமுறை மறுத்துப் பேசி, தாராபுரம் கடைவீதியில் கொட்டுகிற மழையில் என் மானம் போனது. அதற்கப்புறம் வந்த ஞானம் இது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். சிங்காநல்லூரில் இரண்டு லேத்து, ஐந்து ஆட்களோடு பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தேன். (விசிட்டிங் கார்டில் 'இண்டஸ்ட்ரீஸ்' என்றுதான் போட்டிருந்தேன். கூரை ஆஸ்பெஸ்டாஸ்.) எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் செய்த சாமானாக இருந்தாலும், "சாம்பிள் ஒன்னு குடுங்க, அதே மாதிரி செஞ்சுபோடலாமுங்க" என்போம். வரைபடம் கேட்பது கையாலாகாதவன் செய்கிற வேலை.

தாராபுரத்தில் என் மாமனாரிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. இரண்டே கதவு, துணிக் கூரை. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளினால் திறந்த கார். குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கியது. தென்னந்தோப்புக் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்ததை, இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வெளியே இழுத்தார். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று அவருக்கு ஆசை. இன்ஜின் ஓடியது, பெயின்ட் பளபளத்தது, புதுத் துணிக்கூரையும் தைத்தாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் மட்டும் நிற்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடியை ஏற்றி இறக்க, கதவுக்குள் பல்சக்கரமும் தூக்குகிற கை ஒன்றும் இருக்கும். கண்ணாடி மெஷின் என்போம். வலது கதவில் இருந்தது தேய்ந்திருந்தாலும் உருவத்தோடு இருந்தது. இடது கதவில் இருந்தது துருவாகவே கொட்டிவிட்டது.

"பம்பாய்ல ஒருத்தர் இந்த மாதிரி பழைய சாமானயெல்லாம் புதுசா செஞ்சு விக்கறாராமுங்க. எழுதிப் போடட்டுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வரப்போகிற இளைய மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அந்த வீட்டில் யாராவது 'மாப்பிள்ளை' என்றால் நான் ஆவலாகத் திரும்புவேன், பேச்சு அவரைப் பற்றியதாக இருக்கும். மாமனார் அதுவரை என்னை நம்பி ஒரு வேலையும் சொன்னதில்லை.

"பம்பாய் எதுக்குங்க மாமா? சாம்பிள் இருக்குதுங்கல்ல, நானே ரெண்டும் செஞ்சு தாரேனுங்க!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப காரு உங்க பொறுப்புங்க," என்றார். அன்றைக்கு சிங்காநல்லூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக நினைவே இல்லை.

பட்டறையில் வலது கதவின் மெஷினைப் பிட்டர் பழனிச்சாமியிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ரெண்டும் இப்படியேதானுங்களா?" என்றார்.

"சாம்பிள் எப்படியோ அப்படியே. மயிரிழை மாறக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி சாம்பிளைப் பார்த்தார். "சரிங்க," என்றார். (எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. முதலாளி கிணற்றில் விழப்போனால் 'பார்த்து உழுங்க' என்பார்களே தவிர, விழ வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.)

ஒரே வாரத்தில் இரண்டும் தயார். அச்சு அசல்! வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் மனைவி சாந்தாமணி பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் ஜாக்கெட்டைத் தானே வெட்டித் தைத்துக்கொள்கிறவள்.

"ஏனுங்க, ரெண்டும் வலப்பக்கத்துக்கே இருக்குதுங்களே?" என்றாள். "ஜாக்கெட்டுக்குக் கை வெட்டறப்ப ஒன்னத் திருப்பிப் போட்டுத்தானுங்க வெட்டோணும். ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டிப்போட்டா ஒரு கை சேராதுங்க."

"இது இன்ஜினியரிங், அம்மணி. ஜாக்கெட் இல்ல," என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அடப்பாவி!

தாராபுரம் போய் மாட்டினேன். வலது கதவில் வெண்ணெயாக உட்கார்ந்தது. இடது கதவில் துளைகள் பொருந்தவில்லை. என் வேலையில் தப்பு இருக்க முடியாதல்லவா, ஆகவே கதவில்தான் தப்பு என்று முடிவுசெய்து, அந்த அருமையான கதவில் புதிதாக நான்கு துளை போட்டேன். (எழுதும்போதே கை கூசுகிறது.) கைப்பிடியை ஏற்றுகிற பக்கம் சுற்றினால் கண்ணாடி இறங்கியது. இறக்குகிற பக்கம் சுற்றினால் ஒரு மூலை தொங்கக் கோணலாக ஏறியது. உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தால் எப்படியோ மூடியது. பழகினால் சரியாகிவிடும் என்று கதவின் உள்பக்கத்து அட்டையை மாட்டி மூடிவிட்டு, "பர்ஸ்ட் கிளாஸுங்க மாமா!" என்றேன்.

ஐப்பசி மாதம். சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் இருந்து ஊர்வலம் கிளம்பியது. நான் ஓட்டுகிறேன். எனக்கு இடது பக்கம் கோட்டும் மாலையுமாக அமெரிக்க மாப்பிள்ளை. முன்னால் மேளம், அதற்கும் முன்னால் மாமனார். கடைவீதியில் திரும்பியதும் வானம் பொத்துக்கொண்டது. நாலு பேர் ஓடிவந்து துணிக்கூரையை இழுத்து மாட்டினார்கள். என் பக்கத்துக் கண்ணாடி ஜம்மென்று ஏறியது.

"அண்ணா, இத எப்படிங்க ஏத்தறது?" என்றார் மாப்பிள்ளை.

"முன்னால சுத்துங்க!" என்றேன். இறங்கியது. "இல்லீங்க, பின்னால, பின்னால!" ஏறியது, பாதியில் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. மழையோ சொல்லிவைத்தாற்போல் இடப்பக்கமிருந்தே அடித்தது. மாப்பிள்ளையின் குங்குமம் மூக்கு வழியாக இறங்கி கோட்டுக்குப் போனது. "பரவால்லீங்கண்ணா, நல்லா குளுகுளுன்னு இருக்குதுங்க," என்றார். பாவி மனுஷன், நல்லவராக வேறு இருந்து தொலைத்தார்!

மேளம் நின்றது. மாமனார் குடையோடு திரும்பி, காரையும் என்னையும் பார்த்தார். எனக்கு அப்படியே சீட்டுக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

அப்போது சீர்த்தட்டு ஏந்தி வந்த பெண்கள் நடுவிலிருந்து சாந்தாமணி வேகமாக வந்தாள். தட்டை பானெட்மேல் வைத்தாள், பட்டுச்சேலையை இடுப்பில் செருகினாள், கண்ணாடியை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"இந்த மூலை தொங்குதுங்க. நாந் தாங்கறேன், நீங்க சுத்துங்க. மெதுவாங்க!"

நான் மாப்பிள்ளையின் மடியில் குறுக்கே படுத்துச் சுற்றினேன். "நிறுத்துங்க. ஒரு சுத்து திருப்பி உடுங்க. ம், இப்ப ஏத்துங்க." கண்ணாடி நிமிர்ந்து மேலே போய்க் கூரையோடு சேர்ந்தது. மறுபடி சரியாமல் இருக்க, தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் உள்ளங்கையால் ஒரு குத்து. அவ்வளவுதான். "மேளத்த எதுக்கு நிறுத்துனாங்க? வாசிக்கச் சொல்லுங்க," என்று தட்டை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே நடந்தாள். 'சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவளை நான் சரியாகப் பார்த்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு, அவமானம்கூட மறந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து மாமனார் கதவு அட்டையைக் கழற்றினார். நான்கு துளைகளையும் விரலால் தொட்டார். "தப்பு என்னுதுங்க மாமா. சாந்தா அப்பவே சொன்னா, நாந்தான் கேக்கல," என்றேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. மகளிடம், "கண்ணு, மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி. அடுத்த மெஷின நீ நின்னு செஞ்சு குடு," என்றார். இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அவள் பட்டறைக்கு வந்து, சாம்பிளைக் காக்கித் தாளில் வரைந்து வெட்டி, திருப்பிப் போட்டு, பழனிச்சாமியிடம் நீட்டினாள். "இதத்தானுங்க நானும் நெனச்சனுங்க," என்றார் அந்த மகானுபாவர். அந்தக் கண்ணாடி இன்றைக்கும் ஒரு விரலில் ஏறுகிறது. அன்றிலிருந்து சாந்தாமணி பார்க்காமல் எங்கள் பட்டறையில் எந்தப் புதுச் சாமானும் லேத்தில் ஏறுவதில்லை.

சொந்தத்தில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும் வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கைத் தனியாக எடுத்து என் கையில் வைத்து, "இது கண்ணாடிக்குங்க" என்பார்கள். போன மாதம் அந்த அமெரிக்கச் சகலையே தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். அவரும் பாக்கை வைத்தார்.

"அழைப்புக்கு அதே காருதானுங்கண்ணா. நீங்கதான் ஓட்டோணுமின்னு மாமா கண்டிசனாச் சொல்லிப்போட்டாருங்க," என்றார்.

இத்தனை வருடம் கழித்து மாமனார் என்னை நம்புகிறார்!

"நெசமாவா? வேற என்ன சொன்னாருங்க?"

சகலை சாந்தாமணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டிய நீங்க ஓட்டுங்க, கதவ மட்டும் தொட வேண்டாமின்னாருங்க."