ஒரு பொய் விசில்

"அந்த விசிலைக் கழட்டி வெச்சுட்டு வாங்க. பொண்ணோட அப்பா மாதிரி நிக்கணும். பள்ளிக்கூட மைதானத்துல நிக்கிற மாதிரி இல்ல" என்றாள் மனைவி.

பி.டி. மாஸ்டர் விசிலைப் புதுச் சட்டைக்குள் தள்ளி, மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். கழற்றவில்லை. உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுக்க அது அவர் கழுத்தில்தான் கிடந்தது. குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு மாஸ்டரைச் சரியாகத் தெரியாது என்று அர்த்தம்.

இருவரும் நின்றது மண்டபத்தின் மணமகள் அறையில். மகள் கண்ணாடி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அழகு நிலையத்துப் பெண் அவள் இமைக்கு மேல் தூரிகையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வரவேற்புக்கு ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள்.

"போட்டியில மாப்பிள்ளை வீடுதான் ஜெயிக்கணும். சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். வரவேற்பில் பாட்டுக் கச்சேரிக்குப் பதிலாக விளையாட்டுப் போட்டி. பெண் வீடு ஓர் அணி, மாப்பிள்ளை வீடு ஓர் அணி. நடத்திக்கொடுக்க மைக்கும் கையுமாக ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். "நடுவரா சம்பந்தியே இருக்கட்டும். அவரை விட நேர்மையான ஆளுக்கு எங்க போறது?" என்று மாப்பிள்ளையின் அப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து மாஸ்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. மனைவிக்கோ பயம் பிடித்துக்கொண்டது.

"யார் நல்லா ஆடறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க" என்றார் மாஸ்டர்.

"எங்க அக்கா பொண்ணு கல்யாணம் மறந்துபோச்சா? ஒரு நாற்காலிப் போட்டியில நம்ம ஆளுங்க ஜெயிச்சாங்க. அன்னிக்கு முகத்தைத் திருப்பிக்கிட்ட சம்பந்தி வீடு இன்னும் திரும்பல. அந்தப் பொண்ணு அம்மா வீட்டுக்கு வரணும்னா பொய் சொல்லிட்டு வர வேண்டியிருக்கு."

"அதுக்காக? பொய் விசில் ஊதச் சொல்றியா? சொந்தப் பொண்ணையே..."

"தெரியும், தெரியும்."

அவளுக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். மகள் ஐந்தாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். கடைசி வளைவில் அவள் கால் பக்கத்துக் கோட்டில் பட்டதை மைதானத்தில் ஒரே ஓர் ஆள்தான் பார்த்தார். பார்த்தவர் நடுவர். அவளுடைய அப்பா. விசிலை ஊதினார், அவளை வெளியேற்றினார், கோப்பை இன்னொரு குழந்தைக்குப் போனது. மகள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "கோட்டுல பட்டா பட்டதுதான்" என்று முடியும் இந்தக் கதையை மாஸ்டர் சம்பந்தி வீட்டாரைச் சந்தித்த முதல் நாளே சொல்லியாயிற்று. இரண்டாம் நாளும் சொன்னார்.

"அது பள்ளிக்கூடம். இது அவ வாழ்க்கை" என்றாள் மனைவி. "அவ அந்த வீட்டுக்குள்ள தலை நிமிர்ந்து போகணுமா, வேண்டாமா?"

மாஸ்டர் மகளைப் பார்த்தார். மூடிய கண்ணோடு அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷப் பெருமையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

"சரி" என்றார். "ஆனா விசில் கடைசியாத்தான். முதல்ல வேற வழி பாக்கறேன்."

"அசையாதீங்க மேடம், கோடு கோணிடும்" என்றாள் அழகு நிலையத்துப் பெண். மகளின் கை மடியில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

முதலில் நாற்காலிப் போட்டி. மாஸ்டர் கண்டுபிடித்த வழி எளிமையானது. பெண் வீட்டு அணிக்கு ஆள் எடுக்கும்போது, ஓடக்கூடியவர்களை எல்லாம் பந்தி கவனிக்க அனுப்பிவிட்டார். மிச்சமிருந்தவர்களில் முக்கியமானவர் அவருடைய மைத்துனர். முட்டி வலிக்காரர், உட்கார்ந்தால் எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். எதிரில் மாப்பிள்ளையின் தம்பி. தினமும் அதிகாலையில் ஓடுகிறவன்.

கடைசியில் ஒரு நாற்காலி, இரண்டு பேர். அவர்கள் இருவரும்தான்.

பாட்டு நின்றது. மைத்துனர் நாற்காலிக்குப் பாதி மண்டபம் தள்ளி நின்றார். தம்பி நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றான். நின்றவன் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தான்.

மைத்துனர் வந்தார். ஆற அமர வந்தார். உட்கார்ந்தார்.

"பெண் வீடு!" என்று மைக் பெண் கத்தினாள். மைத்துனரை எழுப்ப இரண்டு பேர் ஓடினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா சிரிப்பை?" மனைவி காதருகே வந்தாள். "இப்படிச் சிரிச்சா உள்ள எரியுதுன்னு அர்த்தம். அக்கா சம்பந்தியும் முதல்ல இப்படித்தான் சிரிச்சாரு."

அடுத்தது கரண்டிப் போட்டி. வாயில் கரண்டி, அதில் பிளாஸ்டிக் பந்து, விழாமல் மேடை வரை நடக்க வேண்டும். பெண் வீட்டுக்குப் பெரியம்மா. மாப்பிள்ளை வீட்டுக்கு அவனுடைய அக்கா. பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. இருந்தாலும் மாஸ்டர் இந்த முறை விதியை நம்பவில்லை. சமையலறைக்குப் போய், மாப்பிள்ளையின் அக்காவுக்கு நல்ல குழிக் கரண்டியாக ஒன்று வாங்கி வந்தார். பந்து என்ன, தேங்காயே உட்காரும்.

"இது எதுக்கு சார்?" என்றாள் மைக் பெண்.

"விருந்தாளிக்கு மரியாதை" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகு காது சுட்டது. இது பொய் விசில் இல்லை, வெறும் கரண்டி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பந்து உட்கார்ந்தது உண்மை. ஆனால் குழிக் கரண்டியின் கனத்தை அவர் யோசிக்கவில்லை. அக்கா இரண்டடி வைத்தாள். கரண்டி ஆடியது, தாடை இறங்கியது, கரண்டியும் பந்தும் தரையில் விழுந்து மணி அடித்த மாதிரி சத்தம் கேட்டது. பெரியம்மா எதையும் பார்க்காமல், எங்கேயும் நிற்காமல், மேடையிலும் ஏறி மாப்பிள்ளை மடியில் போய் முட்டித்தான் நின்றாள். பந்து கரண்டியிலேயே இருந்தது.

"மறுபடியும் பெண் வீடு!"

மாப்பிள்ளையின் அக்கா தாடையைத் தடவியபடியே கை தட்டினாள். மாப்பிள்ளையின் அப்பா இந்த முறை விசிலடித்தார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க. தெளிவாத் தெரியுது" என்றாள் மனைவி. அவள் கண்ணில் நீர் முட்டியது. "விருந்தாளி வாயில யாராவது குழிக் கரண்டியத் திணிப்பாங்களா?"

மிச்சம் ஒன்றே ஒன்று. கயிறு இழுத்தல். "இதுல ஜெயிக்கறவங்கதான் மொத்தத்துக்கும் ஜெயிச்சவங்க!" என்று மைக் பெண் அறிவித்தாள். முந்தைய வெற்றிகளுக்கு மதிப்பில்லை என்றதும் மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காரணம், மாப்பிள்ளை வீட்டு அணியின் முதல் ஆள் பீரோ சித்தப்பா. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில். ஆளே பீரோ மாதிரிதான் இருப்பார், கைப்பிடி மட்டும் இல்லை. அவர் பின்னால் அவரிடம் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள்.

பெண் வீட்டுப் பக்கம் பக்கத்து வீட்டு வங்கி காசாளர், தையல்கடைக்காரர், அப்புறம் முட்டி வலி மைத்துனர். போதாக்குறைக்கு மாஸ்டர் காசாளரிடம் போய் மெதுவாகச் சொல்லி வைத்தார்.

"ரொம்ப இழுக்காதீங்க. இடுப்பு பிடிச்சுக்கும்."

காசாளர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு வயசாயிடுச்சுங்கறீங்களா?"

"அய்யோ, அப்படி இல்ல..."

"பாருங்க இன்னிக்கு" என்று காசாளர் முழுக்கையை மடித்தார். தையல்கடைக்காரரிடமும் என்னவோ சொன்னார். அவரும் மடித்தார்.

மனைவி ஓடி வந்தாள். "இனிமே வேற வழியே இல்ல. நம்ம ஆளுங்க ஜெயிக்கற மாதிரி இருந்தா உடனே ஊதுங்க. கோட்டை மிதிச்சுட்டாங்கன்னு சொல்லிடுங்க."

மாஸ்டர் மேல் பொத்தானைக் கழற்றி விசிலை வெளியே எடுத்தார். மேடையில் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளுக்காக என்றால் எதையும் செய்யலாம் என்று எல்லா அப்பாவும் சொல்வான். மகளின் கண்ணைப் பார்க்காமல் செய்ய வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. விசில் உதட்டில் கசந்தது.

"இழுங்க!"

முதல் இழுப்பிலேயே பெண் வீட்டு அணி மொத்தமும் முன்னால் சறுக்கியது. மாஸ்டர் மூச்சு விட்டார். பாவம், சீக்கிரம் விட்டுவிட்டார். பீரோ சித்தப்பா ஒரு கணம் கூரையைப் பார்த்தார். காசாளர் கண்ணை மூடி "ஐலசா" என்று ஓர் இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டு அணி முழுதும் கோட்டைத் தாண்டி, தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டு, காசாளரையும் தாண்டி, பந்திக்குப் போகிற வாசல் வரைக்கும் வந்து குப்புற விழுந்தது.

கோட்டை மிதித்தார்கள் என்று சொல்ல இப்போது கோடே இல்லை. அது விரிப்போடு சுருண்டு பீரோ சித்தப்பாவின் வயிற்றுக்கு அடியில் கிடந்தது.

மண்டபமே மாஸ்டரைப் பார்த்தது. மனைவி தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினாள். ஆனால் கண்ணில்லாதவன்கூட யார் ஜெயித்தது என்று சொல்லிவிடுவான். மாஸ்டர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். ஒரே விசில். நீளமான, நேரான விசில்.

"பெண் வீடு!"

மாஸ்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது. மேடையில் மகள் நாற்காலியை விட்டு எழுந்து, மேக்கப் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதுகொண்டே கை தட்டினாள்.

மனைவி ஏற்கெனவே பீரோ சித்தப்பாவைத் தூக்கிவிடப் போயிருந்தாள். மாஸ்டரும் ஓடினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எங்க மேல வருத்தம் இருந்தா எங்களோட போகட்டும், பொண்ணு மேல காட்டிடாதீங்க" என்றார்.

பீரோ சித்தப்பா சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அட நீங்க வேற! 'எங்கப்பா இன்னிக்கு எனக்காகப் பொய் விசில் ஊதி உங்களை ஜெயிக்க வைக்கப் போறாரு, பொய் விசிலுக்கு இடமே இல்லாம அப்பட்டமா தோத்துடுங்க, அவர் கால் கோட்டுல படக் கூடாது'ன்னு பாதி மேக்கப்புலயே எங்க எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டா சம்பந்தி, எங்க மருமக!"